கம்பைப் பார்த்து ஒளிந்தவன்: வேலூரில் ஒரு சிறுவர் இல்லத்தில் பதினான்கு மாதச் சிலம்ப வகுப்பு

முதல் நாளே தப்பாகத்தான் தொடங்கினேன்.

ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. இல்லத்தின் முற்றத்தில் இருபத்திரண்டு பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வந்திருப்பவன் யாரென்று காட்டிவிட வேண்டும் என்கிற நினைப்பில் கம்பை எடுத்து இரண்டு நிமிடம் சுழற்றினேன். மேல் வீச்சு, கீழ் வீச்சு, நடுவில் ஒரு துள்ளல். காற்றைக் கிழிக்கிற சத்தத்துக்கே பையன்கள் கை தட்டினார்கள். நிறுத்திவிட்டு எண்ணிப் பார்த்தால் இருபத்தொரு பேர்தான் இருந்தார்கள். மிச்சம் ஒருவன் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால், முழங்காலுக்குள் தலையைப் புதைத்துக் குந்தியிருந்தான். கால்சட்டை நனைந்திருந்தது.

“அவன் அப்படித்தான் சார், பயந்தாங்கொள்ளி. உங்ககிட்ட வந்தா தைரியம் வரும்னுதான் சேர்த்தோம்” என்றார் காப்பாளர். அவர் கெட்டவர் இல்லை. அந்த நேரத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். பயந்த பையன், கம்பு கற்றுக்கொடுத்தால் பயம் போய்விடும் என்று.

வீட்டுக்குப் போகிற வழியில் பாலாற்றுப் பாலத்தில் வண்டி ஓட்டும்போதுதான் உறைத்தது. அவன் பயந்தது சண்டைக்கு இல்லை. கம்புக்கு. ஒரு பெரிய ஆள், கையில் கம்பு, ஓங்கிய கை. அந்தக் காட்சியை அவன் எத்தனை தடவை பார்த்திருப்பான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதே காட்சியை நானும் ஒரு தடவை அவன் கண் முன்னால் நடத்திக் காட்டிவிட்டு, கைதட்டலும் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன்.

இந்தக் குறிப்பு அந்தப் பையனைப் பற்றியது. பெயர் போடவில்லை. வயது, ஊர், குடும்ப விவரம் எல்லாவற்றையும் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, இப்படிப்பட்ட குழந்தைகளின் பெயர், படம், பள்ளி, முகவரி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. சட்டத்துக்காக மட்டும் இல்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அவன் அப்போது பன்னிரண்டு வயதுக்காரன். செங்கல் சூளையில் முன்பணத்துக்குச் சிக்கிக்கொண்ட குடும்பம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. ஆனால் வடாற்காட்டுப் பக்கம் இன்றைக்கும் வருவாய்த்துறை ஆட்கள் சூளைக்கும் மரம் வெட்டுகிற இடத்துக்கும் போய்க் குடும்பங்களை மீட்டு, விடுதலைச் சான்று கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இவன் குடும்பத்துக்கும் அந்தக் காகிதம் கிடைத்தது. அப்பா இல்லை. அம்மாவுக்குக் காசநோய், சிகிச்சையில் இருந்தாள். அதனால் குழந்தைகள் நலக் குழு பையனை இல்லத்தில் சேர்த்தது. சூளை ஒரு மாவட்டம், சொந்த ஊர் ஒரு மாவட்டம், இல்லம் இன்னொரு மாவட்டம். 1989இல் வட ஆற்காடு இரண்டானது, 2019இல் வேலூர் மூன்றானது. எங்கள் தாத்தா வயதுக்காரர்கள் இன்னும் ‘நார்த் ஆர்க்காடு’ என்று ஒரே பேராகச் சொல்கிற இடத்தில், இந்தப் பையனின் கோப்பு மூன்று கலெக்டர் ஆபீசுக்கு நடுவே அலைந்தது. அவனைப் பற்றி எனக்கு அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். கேட்கவும் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். சரியான ஏற்பாடு.

நான் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சிலம்பம் குடியாத்தம் பக்கத்தில் எங்கள் ஊர் வாத்தியாரிடம் கற்றது. வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் கம்பு சுற்றிப் போகிற கூட்டத்தில் பதினாறு வயதிலிருந்து நானும் ஒருவன். குழந்தைகள் மனசைப் பற்றிப் படித்தவன் இல்லை. கீழே நான் சொல்கிற எதையும் மருத்துவமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கம்பில்லாத மூன்று மாதம்

இரண்டாம் வாரம் கம்பை வண்டியிலேயே விட்டுவிட்டேன். கோலமாவு ஒரு பொட்டலம் வாங்கிப் போய்த் தரையில் கட்டம் போட்டேன். காலடி மட்டும். எங்கள் வாத்தியாரும் அப்படித்தான் தொடங்கினார்: “கால் வந்தா கை தானா வரும், கை மட்டும் வந்தா பல்லு போவும்” என்பார். எனக்கு அப்போது அது சலிப்பாக இருந்தது. இந்தப் பையன்களுக்கும் சலிப்பாகத்தான் இருந்தது. “இன்னாண்ணா, டான்ஸ் கிளாசா இது?” என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி.

ஒளிந்த பையன் முதல் இரண்டு வாரம் துவைக்கிற கல் மேல் உட்கார்ந்து பார்த்தான். வா என்று கூப்பிடவில்லை. மூன்றாம் வாரம் வகுப்பு முடிந்து எல்லாரும் இட்லிக்கு ஓடியபிறகு, அவன் மட்டும் வந்து அந்தக் கட்டங்களுக்குள் நடந்தான். நான் வண்டியைத் துடைக்கிற மாதிரி நின்று பார்த்தேன். ஒரு கோடும் அழியவில்லை. குதிகால் தரையில் படவே இல்லை. முன்னங்காலில் எடையை வைத்து, திரும்புகிற இடத்தில் இடுப்பை முதலில் திருப்பி, அப்புறம் காலை. ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்தாலும் சிலருக்கு வராத நடை அது.

இது எங்கே கற்றது என்று புரியக் கொஞ்ச நாள் ஆனது. சூளையில் பச்சைக் கல்லை வெயிலில் பரப்பிக் காயவைப்பார்கள். குழந்தைகள்தான் வரிசைக்கு நடுவே போய் ஒவ்வொன்றாகப் புரட்டிப் போடுவார்கள். ஈரக் கல்லில் கால் பட்டால் கல் போச்சு, முதுகில் அடி விழும். நாலு வயதிலிருந்து அப்படி நடந்தவன். அவனைப் பாழாக்கிய இடமே அவன் காலுக்கு ஒரு வித்தையைக் கொடுத்திருந்தது. இதை நினைக்கும்போது எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. ஏதோ குழப்பமான ஒன்று வந்தது. இன்னும் அப்படித்தான்.

அடுத்த ஞாயிறு, “காலடி எப்படி வைக்கணும்னு இவனைப் பாருங்கடா” என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்ப்பது அவனுக்குப் பரிசா தண்டனையா என்று தெரியவில்லை. அதற்குப் பதிலாக, கோலமாவு போடுகிற வேலையை அவனிடம் கொடுத்தேன். அந்த வேலையைப் பிறகு யாருக்கும் அவன் விட்டுக்கொடுக்கவே இல்லை.

தினத்தந்தித் தாளைச் சுருட்டி ஒட்டிக் கம்பு செய்தது ஆகஸ்டில். பட்டால் வலிக்காது, சத்தமும் வராது. அந்தச் சத்தம் வராமல் இருப்பதுதான் முக்கியம் என்று பிறகு தோன்றியது.

‘நில்லு’

வகுப்பில் ஒரே ஒரு சட்டம் வைத்தேன். இரண்டு பேர் ஜோடியாக ஆடும்போது யார் ‘நில்லு’ சொன்னாலும் இரண்டு கம்பும் தரைக்கு வரவேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. சொன்னவன் காரணம் சொல்லத் தேவையில்லை.

முதல் மாதம் இதை வைத்துப் பண்ணாத அழிச்சாட்டியம் இல்லை. அடி விழப்போகிற நேரத்தில் ‘நில்லு’, அடி விழாது. எதிரி முறைப்பான். ஒருவன் தண்ணீர் குடிக்க ‘நில்லு’, ஒருவன் சும்மா ‘நில்லு’. வகுப்பு நகரவே இல்லை. எங்கள் வாத்தியார் பார்த்திருந்தால் என் கம்பைப் பிடுங்கியிருப்பார். எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்காமல் விட்டதற்கு ஞானம் எதுவும் காரணமில்லை. காப்பாளர் “சார், பசங்க ராத்திரி ஹால்லகூட நில்லுன்றானுங்க, நிறுத்திக்கிறானுங்க” என்றார். அதனால் விட்டேன்.

யோசித்துப் பார்த்தால், அந்த முற்றத்தில் இருந்த யாருமே தன் வாழ்க்கையில் ‘நில்லு’ என்று சொல்லி ஒரு பெரிய ஆளை நிறுத்தினவன் இல்லை. சிலர் காட்பாடி ஜங்ஷனில் ரயிலிலிருந்து இறக்கப்பட்டவர்கள். சிலர் வீட்டில் அப்பாவோ அம்மாவோ சிறையில். ஓடினால்தான் அடி நிற்கும், அல்லது அடிக்கிறவன் கை வலித்தால் நிற்கும். வார்த்தைக்கு ஒரு கம்பு தாழும் என்பதை நம்ப அவர்களுக்கு நேரம் பிடித்தது. நம்புவதற்காகத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள் போலிருக்கிறது. செப்டம்பர் நடுவில் தானாகவே குறைந்துவிட்டது.

நம் பையன் அதுவரை ஒரு தடவையும் சொல்லவில்லை. பட்டாலும் வாங்கிக்கொள்வான்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நிலை திருத்தும்போது நாங்களெல்லாம் வாத்தியார் பின்னால் வந்து தோளைப் பிடித்துத் திருப்பிப் பழகினவர்கள். அதை விட்டேன். முன்னால் நின்று செய்து காட்டுவது, தொட்டே ஆகவேண்டுமென்றால் “தோளைத் தொடட்டுமா?” என்று கேட்பது. முற்றத்தில் எப்போதும் இல்லத்து ஆள் ஒருவர் கண்ணெதிரே இருக்க வேண்டும், எந்தப் பையனோடும் தனியாக அறைக்குள் போகக் கூடாது. தன்னார்வலராகப் போகிறவர்களுக்கு இது அவமானமாகத் தோன்றலாம். எனக்கும் முதலில் தோன்றியது. குழந்தைகளைத் தேடிப் போகிறவர்களில் எல்லாரும் நல்ல எண்ணத்தோடு போகிறவர்கள் இல்லை என்பதால் வந்த ஏற்பாடு இது. நல்லவனுக்கு இதனால் ஒன்றும் குறைந்துவிடாது. ஒரு பையன் “யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணா” என்று ஆரம்பித்தபோது, சரி என்று தலையாட்டிவிட்டேன். அதுவும் தப்பு. பாலியல் கொடுமை சம்பந்தப்பட்டதென்றால் தெரிந்தவர் யாராக இருந்தாலும் புகார் சொல்லியே ஆகவேண்டும் என்று 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் சொல்கிறது. அவன் சொன்னது அப்படிப்பட்டது இல்லை, வேறு வகை அடி. இருந்தாலும் வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு காப்பாளரிடம் சொல்ல நேர்ந்தது. அவன் என்னோடு பேச இரண்டு மாதம் ஆனது. இப்போதெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: “நீ சொல்றது உனக்கு ஆபத்தா இருந்தா நான் பெரியவங்ககிட்ட சொல்லுவேன். தெரிஞ்சுகினு சொல்லு.” குழந்தைகள் உதவிக்கான 1098 என்ற தொலைபேசி எண்ணை முற்றத்துச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்.

தீ

செப்டம்பர் கடைசியில் நிஜக் கம்பு. வாங்கிக் கொடுக்காமல், செய்ய வைத்தேன். மூங்கில் கடையில் கோணல் மாணலாகக் கிடந்ததை மொத்தமாகப் பேசி வாங்கினோம். சிலம்பக் கம்பு அவரவர் புருவ உயரம். அளந்து அறுத்து, கணுவைச் சீவி, எண்ணெய் தடவி, தீயில் வாட்டி, முட்டியில் வைத்து வளைத்து நேராக்க வேண்டும்.

நான் விறகை ஏற்றிக்கொண்டே போனேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

“அண்ணா, தீ ஜாஸ்தி. வெடிச்சிடும்.”

திரும்பினால் அவன். நாலு மாதத்தில் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். கணுவுக்குள் அடைபட்ட காற்று சூடானால் மூங்கில் வெடிக்கும். எனக்கும் தெரியும், கவனிக்கவில்லை. அவன் குந்தி உட்கார்ந்து இரண்டு விறகை வெளியே இழுத்தான். சாம்பலைத் தள்ளித் தணலை மட்டும் பரப்பினான். கம்பைத் திருப்பிக்கொண்டே, நிறம் மாறுகிற இடத்தைப் பார்த்து “இப்ப” என்றான். நான் வளைத்தேன். அப்படியே நேராக நின்றது.

அன்றைக்கு இருபத்திரண்டு கம்பும் அவன் கை பட்டுத்தான் போனது. பெரிய பையன்கள் வரிசையில் நின்றார்கள். “தோ, என்னுது பாருடா”, “இன்னும் கொஞ்சம் காட்டட்டுமா?” அவனிடம் கேட்டுக் கேட்டுச் செய்தார்கள். அவனைப் பயந்து நடுங்க வைத்த அதே பொருளை அவன் தீயில் வாட்டி முட்டியில் வளைத்துக்கொண்டிருந்தான். இதை நான் திட்டம் போட்டுச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், இருபத்திரண்டு கம்பு செய்துவைத்ததாக வாங்கப் பணம் இல்லை, அவ்வளவுதான்.

நவம்பரில் ஒரு சிக்கல். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் ராத்திரி ஹாலில் சின்னவனை, குத்து வரிசை என்கிற வெறுங்கைப் பயிற்சியில் கற்ற குத்தை வைத்தே அடித்துவிட்டான். இல்லம் இரண்டு வாரம் வகுப்பை நிறுத்தியது. நான் முணுமுணுத்தேன், ஆனால் அவர்கள் செய்தது சரி. அந்த இரண்டு வாரத்தில் மனநலத் துறையில் இருக்கிற தோழி ஒருத்தி ஒரு பழைய ஆய்வைச் சொன்னாள். 1986இல் அமெரிக்காவில் மைக்கேல் டிரல்சன் என்பவர் குற்றப் பழக்கம் உள்ள 34 பையன்களை மூன்றாகப் பிரித்து ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார். ஒரு கூட்டத்துக்கு டேக்வாண்டோ அதன் வணக்கம், தியானம், ஒழுக்கப் பேச்சு எல்லாம் சேர்த்து. இன்னொன்றுக்கு அடிதடி நுட்பம் மட்டும். மூன்றாவதற்கு ஓட்டமும் கூடைப்பந்தும். முதல் கூட்டத்தில் மூர்க்கம் குறைந்தது. இரண்டாவது கூட்டத்தில் கூடியிருந்தது. சின்ன ஆய்வுதான், அதையே வேதமாகக் கொள்ள முடியாது. ஆனால் எனக்குச் சுரீரென்றது. ஏனென்றால் நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று, அக்டோபர் முதல் சலாம் வரிசையை நான் வெட்டிவிட்டிருந்தேன். தரையைத் தொட்டு, நாலு திசைக்கும் வணங்கி, எதிரே நிற்பவனுக்கு வணங்கி அப்புறம் கம்பை எடுப்பது. பழைய ஆட்கள் சடங்குக்காக வைத்தது என்று நினைத்திருந்தேன். கம்பு கையில் வருவதற்கு முன்னால் ஒரு நிமிடம், எதிரே நிற்பவனும் ஆள்தான் என்று பார்க்க வைக்கிற வேலை அது. டிசம்பரில் சலாம் வரிசை திரும்பி வந்தது. அடித்தவன்தான் அதை நடத்த வேண்டும் என்று வைத்தேன். முதலில் வெட்கப்பட்டான், அப்புறம் வேறு யாரும் நடத்தினால் கோபப்பட ஆரம்பித்தான்.

மேடை

பொங்கலை ஒட்டி இல்லத்தில் ஆண்டு விழா. நன்கொடையாளர்கள் வருகிறார்கள், பையன்கள் சிலம்பம் காட்டினால் நன்றாக இருக்கும் என்றார்கள். நான் சரி என்றேன். காப்பாளரும் கேட்டார், நிர்வாகமும் கேட்டது என்றெல்லாம் சாக்குச் சொல்லலாம். உண்மையில் எனக்கே ஆசை. ஏழு மாத உழைப்பை நாலு பேர் பார்க்க வேண்டும் என்கிற ஆசை.

மேளம், மைக், ஒளிவிளக்கு, முன்வரிசையில் இருபது செல்போன். நம் பையன் நடுவில் வந்து வணங்கினான், கம்பை எடுத்தான், அப்படியே நின்றுவிட்டான். மைக்கில் ஒருவர் “கமான், கை தட்டுங்க” என்றார். கை தட்டினார்கள். அவன் கண் துவைக்கிற கல் இருக்கிற பக்கம் போனது. கம்பை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு நடந்து போய்விட்டான். ஓடவில்லை என்பதை மட்டும் அப்போது கவனித்தேன்.

அடுத்த நாள் அந்தக் காட்சி யாரோ ஒருவரின் முகநூலில், ‘செங்கல் சூளையிலிருந்து சிலம்ப வீரனாக’ என்ற வாசகத்தோடு, முகம் தெளிவாகத் தெரிய. அழைத்துச் சொன்னபிறகு எடுத்துவிட்டார்கள். கெட்ட எண்ணம் இல்லை என்றார்கள், நம்புகிறேன். ஆனால் அதற்குள் பள்ளியில் இரண்டு பேர் அவனைப் பார்த்துக் “கல்லறுக்கிறவன்” என்று கூப்பிட்டிருந்தார்கள். 74ஆம் பிரிவு எதற்கு என்று நான் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

ஐந்து ஞாயிறு அவன் வரவில்லை. நான் போய்ச் சமாதானம் பேசவில்லை. ஒரு தடவை மட்டும், சாப்பாட்டு வரிசையில் பார்த்தபோது, “உன்ன கேக்காம மேடை ஏத்தினது என் தப்பு” என்றேன். தலையை ஆட்டினான். ஆறாவது ஞாயிறு வந்தான். புதிதாகச் சேர்ந்த எட்டு வயதுக்காரன் ஒருவனுக்குக் கம்பு வேண்டும், தீ மூட்ட வேறு ஆள் இல்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை, நேராக விறகு அடுக்கப் போனான்.

பிறகு இல்லத்தின் எழுத்து அனுமதியோடு மாதம் ஒரு தடவை கோட்டை மைதானத்துக்குப் போனோம். காலை நடைக்காரர்கள் நின்று பார்ப்பார்கள், போவார்கள். யாருக்காகவும் ஆடவில்லை, ஆடுவதை யாரோ பார்க்கிறார்கள். அந்த வித்தியாசம் அவனுக்குப் போதுமாக இருந்தது. ஜூலையில் ஒரு நாள் மக்கான் பக்கம் நினைவுத் தூணைக் காட்டி 1806 ஜூலை 10 வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சியின் கதையைச் சொன்னேன். புதுத் தலைப்பாகை, திருநீறு போடக் கூடாது, தாடி எடு என்று உத்தரவு வந்ததும் சிப்பாய்கள் விடியற்காலையில் கிளம்பியதை. எல்லாம் கேட்டுவிட்டு, “அவங்க முதல்ல நில்லுன்னு சொல்லிப் பாத்தாங்களாண்ணா?” என்றான். சொல்லிப் பார்த்தார்கள், மறுத்தவர்களுக்குச் சவுக்கடி கிடைத்தது என்றேன்.

நோட்டில் இருப்பது

ஒவ்வொரு வாரமும் மூன்று விஷயம் குறித்து வைப்பேன்: எண்ணிக்கை சொல்லும்போது யார் குரல் எவ்வளவு தூரம் கேட்கிறது, யார் யாரிடம் உதவி கேட்டார், யார் ‘நில்லு’ சொன்னார். அவன் பக்கத்தில் ஜூலை முதல் வருஷம்: ‘உதடு மட்டும் அசைகிறது.’ அக்டோபர்: ‘பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்கும்.’ ஏப்ரல்: ‘துவைக்கிற கல் வரை கேட்டது.’

மே மாதம் அக்னி நட்சத்திர வெயிலில் எல்லாரும் கடுப்பாக இருந்த ஒரு நாள், தாமதமாக வந்த ஒருவனை நான் திட்டிக்கொண்டிருந்தேன். கையில் கம்பு இருந்ததை மறந்து கையை ஓங்கிப் பேசிவிட்டேன்போல. பக்கவாட்டிலிருந்து, சத்தமே இல்லாத குரலில், “நில்லு.” அவன்தான். முற்றம் அப்படியே நின்றது. சட்டம் எல்லாருக்கும்தானே. கம்பைத் தரையில் வைத்தேன். பதினான்கு மாதத்தில் அவன் சொன்ன ஒரே ‘நில்லு’ அது. தனக்காகச் சொல்லவில்லை.

இதெல்லாம் சிலம்பத்தால்தான் வந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அதே வருஷம் பள்ளியில் அவனுக்கு நல்ல கணக்கு டீச்சர் வாய்த்தார். அம்மா குணமாகிப் பார்க்க வர ஆரம்பித்தாள். வயிறாரச் சாப்பிட்டு இரண்டு அங்குலம் வளர்ந்தான். அதே வகுப்பில் இருந்த இன்னும் மூன்று பேருக்கு நான் கண்ட மாற்றம் எதுவுமில்லை. ஒருவன் இல்லத்தை விட்டே ஓடிப்போனான். நன்கொடையாளர்களிடம் இவனைப் பற்றிச் சொன்னால் கண் கலங்குகிறார்கள், அந்த மூன்று பேரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இன்னும் சிலர், அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் இருக்கிறதே, சான்றிதழ் வாங்கிக் கொடுங்கள் என்கிறார்கள். நல்லதுதான். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இருந்ததைப் பையன்கள் செல்போனில் பார்த்து வாய் பிளந்தார்கள். போக விரும்புகிறவன் போகட்டும். எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கிற தொடு போட்டியில் நம் பையனுக்கு ஆர்வம் இல்லை, கேட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் குழந்தைகள் நலக் குழு அவனை அம்மாவிடம் அனுப்ப உத்தரவிட்டது. கடைசி ஞாயிறு அவன் கம்பு அவன் மூக்குக்குத்தான் வந்தது. அதை அறுத்து எட்டு வயதுக்காரனுக்குக் கொடுத்துவிட்டு, தனக்குப் புதிதாக ஒன்று வாட்டிக்கொண்டான்.

போளூர் பஸ்ஸில் ஏற்றிவிட இல்லத்து ஊழியரோடு நானும் போனேன். கூட்டம். கண்டக்டர் கம்பைப் பார்த்ததும் “ஏய், கம்பெல்லாம் உள்ள கொண்டாரக் கூடாது, யார் கண்ணுலயாவது குத்தும்” என்றார். நான் பேச வாயைத் திறந்தேன்.

“சீட்டுக்கு அடியில நீட்டா வெச்சிக்கிறேண்ணா. உள்ள பூராம போச்சுன்னா நானே நின்னுகினு நேரா புடிச்சிகினு வரேன். கண்ணமங்கலத்துல கூட்டம் எறங்கிடும்” என்றான் அவன்.

கண்டக்டர் ஒரு நிமிஷம் பார்த்தார். “ஏறு ஏறு, பாத்துப் புடி.”